ஒரே காய்ச்சல், இரண்டு கணக்கு

2020 மே, ஜூன் மாதங்களில் சென்னை மாநகராட்சி அன்றாடம் வெளியிட்ட மண்டலவாரிக் கொரோனா பட்டியலில் ராயபுரம்தான் முதலிடத்தில் இருந்தது. ஊரே அன்று நுரையீரலைப் பற்றித்தான் பேசியது. ஆக்சிஜன் அளவு எவ்வளவு, சி.டி. ஸ்கேனில் எத்தனை சதவீதம், வென்டிலேட்டர் கிடைக்குமா என்பதே வீட்டுக்கு வீடு கேள்வி. சிறுநீரகத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் மருத்துவர்கள் மட்டும்தான். அதே காலத்தில் நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவமனைகளில் சேர்ந்த 3,993 கொரோனா நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, அவர்களில் 46 சதவீதம் பேருக்குத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு வந்திருந்தது தெரிந்தது. அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. சிறுநீரகம் பாதிக்கப்பட்ட எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பாதிப் பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். சிறுநீரகம் தப்பியவர்களில் இறந்தவர்கள் 8 சதவீதம் மட்டுமே. யாருக்குப் பாதிப்பு முற்றும் என்பதை முன்கூட்டியே காட்டிய அடையாளங்கள் மூன்று: ஏற்கெனவே நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பது, சேரும்போதே ரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருப்பது, ஆணாக இருப்பது.

முதல் இரண்டும் எந்த மருத்துவருக்கும் வியப்பளிக்காதவை. மூன்றாவதைத்தான் நாம் நின்று பார்க்க வேண்டும். மாத்தூர், மணலி, எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் என்று வடசென்னையில் நீளும் இந்தத் துறைமுக, ஆலைப் பட்டையில் கொரோனாவுக்கு முன்பும் காய்ச்சல் இருந்தது, பின்பும் இருக்கிறது. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் டெங்கு வருகிறது. 2017-இல் தமிழ்நாடு அரசின் கணக்கிலேயே 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு உறுதியானது, 65 பேர் இறந்தார்கள். இந்தக் காய்ச்சல்கள் சிறுநீரகத்தைத் தொடும்போது ஆணையும் பெண்ணையும் ஒரே மாதிரி தொடுவதில்லை. அந்த வேறுபாட்டை இயற்கையின் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டு கடந்துபோகும் பழக்கம் நம் பொதுச் சுகாதாரத்தில் இருக்கிறது. அந்த வேறுபாடு ஒரு துப்பு என்பது என் வாதம். அதைப் பிடித்துக்கொண்டு போனால், ஆண்களின் சிறுநீரகத்தில் காப்பாற்றக்கூடிய பங்கு எது என்பது தெரியும். பெண்களின் சிறுநீரகம் எந்த இடத்தில் கணக்கிலிருந்தே நழுவுகிறது என்பதும் தெரியும்.

முதலில் எழும் மறுப்பு மிக இயல்பானது. ஆண்கள் வெளியே போகிறார்கள், கூட்டத்தில் நிற்கிறார்கள், கன்டெய்னர் யார்டிலும் லாரியிலும் இரவு ஷிப்டிலும் இருக்கிறார்கள், அதனால் அவர்களுக்குத் தொற்று கூடுதல், எனவே சிறுநீரகப் பாதிப்பும் கூடுதல், இதில் ஆராய என்ன இருக்கிறது என்பது அந்த மறுப்பு. கொரோனா விஷயத்தில் இதைச் சோதிக்க வாய்ப்புக் கிடைத்தது. 31 லட்சம் நோயாளிகளின் உலகளாவிய தரவுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு 2020 இறுதியில் வெளிவந்தது. தொற்று உறுதியானவர்களில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சரிபாதி. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் வாய்ப்பு ஆண்களுக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1.4 மடங்கு. ஆகவே வாசலைத் தாண்டிய கணக்கு மட்டும் போதாது. இன்னொரு சான்று கொரோனாவுக்கு வெகு முன்பே கிடைத்தது. ஹெபடைடிஸ் பி வைரஸ் சில குழந்தைகளின் சிறுநீரக வடிகட்டிகளைத் தாக்கிச் சிறுநீரில் புரதத்தை இறக்கிவிடும். அந்த நோய் சிறுமிகளைவிடச் சிறுவர்களிடமே பெருமளவில் காணப்படுகிறது. ஐந்து வயதுப் பையன் ஷிப்டுக்கும் போவதில்லை, குடிப்பதுமில்லை. உடலுக்குள் ஏதோ ஒரு வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது.

அது என்ன என்பதற்கு ஒற்றை விடை இல்லை. கொரோனா வைரஸ் உயிரணுவுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் ஏ.சி.இ.2 என்ற ஏற்பி சிறுநீரகத்தின் நுண்குழல்களில் நிறைய உண்டு. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. வைரஸின் மரபுப்பொருளை மோப்பம் பிடித்து முதல் எச்சரிக்கை தரும் டி.எல்.ஆர்.7 என்ற மரபணுவும் அங்கேதான். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் பழுது இருந்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். ஆணுக்கு அந்த மாற்றுவழி இல்லை. 2020-இல் நெதர்லாந்தில், வேறு நோய் ஏதுமில்லாத நான்கு இளைஞர்கள், இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த சகோதரர்கள், கொரோனாவால் வென்டிலேட்டர்வரை போனார்கள். அவர்களுடைய டி.எல்.ஆர்.7 மரபணு செயலற்றிருந்தது. இத்தகைய பழுது மிக அரிது. ஆனால் நோய் எதிர்ப்பில் ஆண் பெண் வேறுபாடு எங்கிருந்து தொடங்கக்கூடும் என்பதற்கு அது ஒரு சாளரம் திறந்தது. ஹார்மோன்களின் பங்கு வேறு. கடும் காய்ச்சலில் சிறுநீரகம் கெடுவது பெரும்பாலும் வைரஸ் நேரே வந்து கடிப்பதால் நிகழ்வதில்லை. ரத்த அழுத்தம் விழுந்து, பிராணவாயு குறைந்து, அழற்சி பெருகி, நுண்குழல் உயிரணுக்கள் பட்டினியில் மடிவதால் நிகழ்கிறது. 2004-இல் பார்க், பான்வென்ட்ரே ஆய்வுக் குழுவினர் எலிகளின் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்திப் பார்த்தார்கள். ஆண் எலிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. விதை நீக்கப்பட்ட ஆண் எலிகள் தப்பின. பெண் எலிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது அவற்றின் பாதுகாப்பு போயிற்று.

இதைப் படித்ததும் ஆண் ஹார்மோனே குற்றவாளி என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். அவசரம் வேண்டாம். சிறுநீரகத்தைத் தாக்குவதையே தொழிலாகக் கொண்ட ஒரு வைரஸ் குடும்பம் இருக்கிறது, அது இந்த முடிவைக் குழப்புகிறது. ஹன்டா வைரஸ் என்று அதற்குப் பெயர். 1950-இல் தொடங்கிய கொரியப் போரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஐ.நா. படைவீரர்களுக்குக் காய்ச்சல், ரத்தக்கசிவு, சிறுநீர் நின்றுபோதல் என்று ஒரு நோய் வந்தது. அதற்கான வைரஸைக் கொரிய அறிவியலாளர் ஹோ வாங் லீ வயல் எலியிடமிருந்து பிரித்தெடுக்க 1970-கள் ஆயின. ஆனால் இந்தக் குடும்பத்தின் முதல் வைரஸ் அதற்கு முன்பே, 1964-இல், நம் வேலூரில் பிடிபட்டிருந்தது. தோட்டப்பாளையத்தில் சிக்கிய ஒரு மூஞ்சூறிடமிருந்து வந்ததால் அதற்குத் தோட்டப்பாளையம் வைரஸ் என்றே பெயர். அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது பிறகுதான் புரிந்தது. மூஞ்சூறு வைரஸ் மனிதர்களைப் பெரிதாகத் தொந்தரவு செய்வதாகத் தெரியவில்லை. ஆனாலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2000-களில் தேடியபோது, ஹன்டா வைரஸ்களுக்கு எதிரான ரத்த அடையாளங்கள் நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளிடமும், எலி பிடிக்கும் இருளர்களிடமும், தானியக் கிடங்குத் தொழிலாளர்களிடமும் கிடைத்தன. துறைமுகமும் கிடங்கும் எலியும் சேர்ந்திருக்கும் வடசென்னையில் இந்தச் செய்தி இதுவரை பெற்ற கவனத்தைவிட அதிகக் கவனம் பெற வேண்டும். ஏனென்றால் காய்ச்சல், தட்டணுக் குறைவு, சிறுநீர் குறைவு என்று வந்தால் நம் வார்டுகளில் முதலில் டெங்கு, அடுத்து எலிக்காய்ச்சல் என்றுதான் யோசிப்பார்கள். அப்படி யோசிப்பது சரியே. ஆனால் இரண்டும் இல்லை என்று சோதனையில் தெரிந்த பிறகு மூன்றாவதாக ஒன்றை நினைக்க ஆள் வேண்டும்.

ஹன்டா வைரஸ் குடும்பத்தில் சியோல் வைரஸ் என்பது கப்பல்களில் ஏறிய எலிகளோடு துறைமுகம் துறைமுகமாக உலகம் சுற்றியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சாப்ரா கிளைன் அந்த வைரஸை ஆண், பெண் எலிகளில் ஒப்பிட்டார். ஆண் எலிகள் வைரஸை நீண்ட நாள் சுமந்து திரிந்தன. பெண் எலிகளின் எதிர்ப்புச் சக்தி வலுவாக இருந்தது. ஆனால் வளர்ந்த எலிகளின் ஹார்மோன் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தபோது அந்த வேறுபாடு மறையவில்லை. ஹார்மோனோடு கதை முடிந்துவிடவில்லை என்பது இங்கேயே தெரிந்துவிட்டது. அதைவிட முக்கியமானது அவரும் சீன ஆய்வாளர்களும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட கணக்கு. 2004 முதல் 2008 வரை சீனாவில் ஹன்டா சிறுநீரகக் காய்ச்சல் கண்டவர்களில் ஆண்களே அதிகம். ஆனால் நோய் வந்தவர்களில் இறந்த விகிதத்தைத் தனியே எடுத்தால், 20 முதல் 39 வயதிலும் 50 வயதுக்கு மேலும் பெண்களின் விகிதமே கூடுதல். ஆணுக்கு நோய் அதிகம், நோய் வந்த பெண்ணுக்குச் சாவு அதிகம். பெண்ணின் வலுவான எதிர்ப்புச் சக்தி சில வைரஸ்களில் காப்பு, சிலவற்றில் அழற்சியாகத் திரும்பும் வாள் என்று ஒரு விளக்கம் சொல்லலாம். தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்டார்கள் என்று இன்னொரு விளக்கமும் சொல்லலாம். எதுவாக இருந்தாலும், மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து இது ஆண்களின் நோய் என்று முத்திரை குத்தியிருந்தால் அந்தப் பெண்கள் கண்ணிலேயே பட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது கடுமையான மறுப்புக்கு வருவோம். இந்த ஆண் பெண் வேறுபாடே ஓரளவு அளவுகோலின் வேலை என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதிதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதை நாம் ரத்தத்தில் உள்ள கிரியேட்டினினை வைத்துக் கணிக்கிறோம். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. சராசரியாகப் பெண்ணுக்குத் தசை குறைவு, எனவே கிரியேட்டினினும் குறைவு. 50 வயதில் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் 1.2 என்று ஒரே எண் வந்திருக்கிறது என்று வையுங்கள். இப்போது பல இடங்களில் பயன்படும் 2021-ஆம் ஆண்டின் சூத்திரத்தில் போட்டால் ஆணின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்குச் சுமார் 74 மில்லி லிட்டர், பெண்ணுடையது சுமார் 55. அறுபதுக்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் அதற்கு நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர். ஆனால் பல லேப் சீட்டுகளில் 1.2 என்பது இருவருக்கும் நார்மல் எல்லைக்குள்தான் அச்சாகிறது. அந்தப் பெண் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

திடீர்ப் பாதிப்பைக் கண்டுபிடிப்பதிலும் இதே சிக்கல். கிரியேட்டினின் 48 மணி நேரத்தில் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் ஏறினால் அல்லது ஒரு வாரத்துக்குள் பழைய அளவைப்போல் ஒன்றரை மடங்கானால் பாதிப்பு என்பது சர்வதேச வரையறை. வழக்கமாக 1.0 இருக்கும் ஆணுக்கு 0.3 ஏற்றம் முப்பது சதவீதம்தான், சீக்கிரம் எட்டிவிடும். வழக்கமாக 0.5 இருக்கும் மெலிந்த பெண்ணுக்கு அதே 0.3 என்றால் அறுபது சதவீதம். அவரது அளவு 0.5-லிருந்து 0.75 ஆனால் ஒன்றரை மடங்கு விதிப்படி அது பாதிப்பு. ஆனால் பழைய அளவு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. 0.75 என்ற எண் நல்ல எண்ணாகத்தான் தோன்றும். ஆக, மிதமான பாதிப்புகளின் பட்டியலில் ஆண்கள் சற்றுக் கூடுதலாகவும் பெண்கள் சற்றுக் குறைவாகவும் பதிவாக வாய்ப்பு உண்டு. ஆனால் இந்த மறுப்பு முழு வேறுபாட்டையும் கரைத்துவிடாது. டயாலிசிஸ் வேண்டும் என்ற முடிவை ஒரு தசம எண்ணை மட்டும் வைத்து யாரும் எடுப்பதில்லை. சிறுநீர் நின்று, நீர் கோத்து, பொட்டாசியம் ஏறிய பிறகே எடுக்கிறார்கள். மவுன்ட் சினாயில் ஆண்களிடம் கூடுதலாகத் தெரிந்தது கடுமையான பாதிப்புதான். 2012-இல் வெளியான சர்வதேச வழிகாட்டி நெறியே பெண்ணாக இருப்பதைத் திடீர்ப் பாதிப்புக்கான ஆபத்துகளில் ஒன்றாகப் பட்டியலிட்டிருந்தது. பின்னர் பெருந்தொகைத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மருத்துவமனையில் நேரும் பாதிப்பில் ஆண்களே கூடுதல் என்று வந்தது. துறையே இவ்வளவு காலம் தடுமாறியிருக்கிறது என்றால் நம் காய்ச்சல் வார்டு எண்ணிப் பார்க்காமல் எதையும் முடிவு செய்ய முடியாது.

உடலுக்குள் இருப்பதை மாற்ற முடியாது, ஆகவே இதையெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களும் உண்டு. இதற்கு மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனை 2015-இல் வெளியிட்ட டெங்கு ஆய்வு நல்ல பதில் தருகிறது. 667 டெங்கு நோயாளிகளில் சுமார் 14 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. எல்லாக் காரணங்களையும் ஒன்றோடொன்று சரிக்கட்டிப் பார்த்தபோது தனித்து நின்றவை: டெங்கு ரத்தக்கசிவு நிலை, பல உறுப்புச் செயலிழப்பு, தசைச் சிதைவு, சர்க்கரை நோய், தாமதமாக மருத்துவமனைக்கு வந்தது, சிறுநீரகத்துக்குத் தீங்கான மருந்துகளை உட்கொண்டது. இவற்றில் கடைசி இரண்டும் மனிதர் கையில் இருப்பவை. அவற்றை அப்படியே எடுத்து மாத்தூரில் வைத்துப் பாருங்கள். தினக்கூலிக்கும் கான்ட்ராக்ட்டுக்கும் வேலை செய்கிற ஆணுக்குக் காய்ச்சல் என்றால் ஒரு நாள் கூலி போயிற்று என்று அர்த்தம். உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோபினாக் வாங்கிப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போவார். காய்ச்சலாலும் வேர்வையாலும் உடலில் நீர் குறைந்திருக்கும்போது, சிறுநீரகத்துக்குள் போகும் நுண்ணிய ரத்தக்குழாயைத் திறந்து வைத்திருப்பது புராஸ்டகிளான்டின் என்ற வேதிப்பொருள். டைக்ளோபினாக், ஐபுபுரோபென் வகை மாத்திரைகள் அதைத்தான் நிறுத்துகின்றன. நீர் குறைந்த உடலில், கன்டெய்னரின் தகரச் சூட்டில், பாரம் இழுத்துத் தசை நொந்திருக்கும் நேரத்தில், அந்த மாத்திரை சிறுநீரகத்தின் கடைசிப் பாதுகாப்பையும் எடுத்துவிடுகிறது. டெங்குக் காலத்தில் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம் என்று அரசு சொல்வது தட்டணுவுக்காக மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். சிறுநீரகத்துக்கும் அது பொருந்தும்.

இவ்வளவோடு உடலில் ஏற்கெனவே தேங்கியிருக்கும் நோய்களையும் சேர்க்க வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ரத்த அழுத்தம் கூடியிருக்கும் ஆண்கள் பத்தில் மூவர், பெண்கள் நாலில் ஒருவர். ஆண்களில் நாலில் ஒருவர் குடிப்பவர், பெண்களில் அது மிகமிக அரிது. 2020-இல் தமிழ்நாடு, ஆந்திரத் தரவுகளை வைத்து ரமணன் லட்சுமிநாராயணன் குழுவினர் எழுதிய ஆய்வில், கொரோனாவில் இறந்தவர்களில் 45 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோயும், 36 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தமும், 8 சதவீதம் பேருக்குச் சிறுநீரக நோயும் முன்பே இருந்தன. மணலி, எண்ணூர்க் காற்றை இங்கே சிலர் காரணமாகக் காட்டுவார்கள். நுண்துகள் மாசு சிறுநீரகத்துக்கும் கேடு என்பதற்குச் சான்றுகள் பெருகியிருக்கின்றன. ஆனால் அந்தக் காற்றை ஆணும் பெண்ணும் சேர்ந்தே சுவாசிக்கிறார்கள். அது இருவரின் சேமிப்பையும் குறைக்கும், இருவருக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்காது. விளக்கக்கூடியவை அழுத்தம், சர்க்கரை, குடி, வெயில் வேலை, வலி மாத்திரை, தாமதம் ஆகியவைதான். ஆணின் கூடுதல் ஆபத்தில் எக்ஸ் குரோமோசோமின் பங்கு எவ்வளவு, இவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எண்ணிக்கை வேண்டும். ஆனால் இவற்றின் பங்கு சிறிதல்ல என்பதற்கு எண்ணிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பெண்களின் பக்கம் வேறு மாதிரி. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர், வெப்பமான வேலையிடங்களில் கழிப்பறை இல்லாதது பெண் தொழிலாளர்களை என்ன செய்கிறது என்று 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கழிப்பறை இல்லையென்பதால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள், சிறுநீரை அடக்கிக்கொள்கிறார்கள், சிறுநீர்ப்பாதைத் தொல்லைகள் வருகின்றன என்று அது காட்டியது. காசிமேட்டில் விடிகாலை முதல் மீன் விற்கும் பெண்ணுக்கும், திருவொற்றியூரில் வெயிலில் கருவாடு காயவைக்கும் பெண்ணுக்கும், பேக்கிங் கம்பெனியில் நின்றபடி வேலை செய்கிற பெண்ணுக்கும் இது புதிய செய்தியாக இருக்காது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் குடிநீருக்கு ஒரு பிரிவும், ஆண் பெண்ணுக்குத் தனித்தனிக் கழிப்பறைக்கு ஒரு பிரிவும் இருந்தன. மீன் சந்தைக்கும் தெருவோர வேலைக்கும் அந்தச் சட்டம் எட்டியதில்லை. இப்படி நாள்தோறும் நீர் குறைந்தே இயங்கும் உடல் காய்ச்சலுக்குள் நுழையும்போது, இயற்கை தந்த அனுகூலத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? மாதவிடாய் நின்ற பிறகு அந்த அனுகூலமும் சுருங்குகிறது. பேறுகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறி முன்சூல்வலிப்பு வந்த பெண்ணுக்குப் பின்னாளில் சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதும் நன்கு நிறுவப்பட்டது. காய்ச்சலோடு வருகிற ஐம்பது வயதுப் பெண்ணிடம், முப்பது வருடத்துக்கு முந்தைய பிரசவத்தில் பி.பி. ஏறியதா என்று கேட்கும் வழக்கம் நம் புறநோயாளிப் பிரிவுகளில் பரவ வேண்டும்.

பெண்ணின் சிறுநீரகம் கெட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு தேசியக் கணக்கு உண்டு. 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த 36,640 உறுப்பு மாற்று சிகிச்சைகளில் பெண்களுக்குக் கிடைத்தவை 6,945 மட்டுமே என்று தேசிய உறுப்பு, திசு மாற்று நிறுவனம் தெரிவித்தது. உயிருடன் இருக்கும்போதே உறுப்பைத் தானம் தருபவர்களிலோ பெண்கள்தான் பெரும்பான்மை. கணவனுக்கு மனைவி தருகிறார், மகனுக்குத் தாய் தருகிறார். திரும்பி வரும் எண்ணிக்கை சொற்பம். இது வைரஸின் வேலை இல்லை, குடும்பத்தின் வேலை. வாரம் இருமுறை, மூன்றுமுறை டயாலிசிஸுக்கு ஒரு ஆண் போக வேண்டும் என்றால் வீடு தன் நேரத்தையே மாற்றிக்கொள்கிறது. பெண் போக வேண்டும் என்றால், சமையல் யார் செய்வது, கூட யார் போவது என்ற கேள்வி முதலில் வருகிறது. பெண்களுக்கு டயாலிசிஸ் குறைவாக இருப்பதை வைத்து அவர்களின் சிறுநீரகம் உறுதியானது என்று படிப்பது கொடுமையான தவறு.

அப்படியானால் என்ன செய்வது? புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. ராயபுரம் ஸ்டான்லி மருத்துவமனையிலும், தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையிலும், திருவொற்றியூர் அரசு மருத்துவமனையிலும் காய்ச்சலோடு சேரும் ஒவ்வொருவரின் சீட்டிலும் ஆணா பெண்ணா என்பது ஏற்கெனவே எழுதப்படுகிறது. கிரியேட்டினினும் பெரும்பாலோருக்குப் பார்க்கப்படுகிறது. இரண்டையும் சேர்த்து மாதம் ஒருமுறை எண்ணிச் சொன்னால் போதும். காய்ச்சலில் சேர்ந்தவர்கள் எத்தனை, சிறுநீரகம் பாதித்தவர்கள் எத்தனை, காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாளில் வந்தார்கள், வலி மாத்திரை போட்டிருந்தார்களா, ஆண் பெண் பிரித்து. படுக்கை போதாத வார்டில் மருத்துவரையும் நர்ஸையும் இன்னொரு படிவம் நிரப்பச் சொல்வது அநியாயம் என்று ஒரு மறுப்பு வரும். கேட்க வேண்டிய மறுப்புதான் அது. அதனால்தான் புதிய படிவம் கேட்கவில்லை. இருக்கிற பதிவுகளைக் கணினியில் குறுக்கே கூட்டிப் பார்க்கும் வேலை வார்டுக்கு வெளியே, மாநகராட்சியின் பொதுச் சுகாதாரத் துறையில் நடக்கலாம். லேப் சீட்டில் கிரியேட்டினினுக்குப் பக்கத்தில் வயதும் பாலினமும் சேர்த்துக் கணித்த வடிகட்டும் திறனை அச்சிடுவது ஒரு மென்பொருள் மாற்றம், ஒருமுறை செய்தால் முடிந்தது.

அடிப்படை அளவு தெரியாதது பெண்களைத் தவறவிடும் பெரிய ஓட்டை என்று முன்பு பார்த்தோம். அதை அடைக்கவும் நம்மிடம் ஏற்பாடு இருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. 2023-இல் தொடங்கிய சிறுநீரகம் காக்கும் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பட்டை வைத்துச் சிறுநீரில் புரதம் பார்க்கிறார்கள். 2011-இல் மாநகராட்சியோடு இணைந்த மாத்தூருக்கும் இவை உரியவை. வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பணியாளர், நோயாளி நலமாக இருக்கும்போது எடுத்த கிரியேட்டினின் எண்ணை அதே அட்டையில் எழுதி வைத்தால், மழைக்காலத்தில் காய்ச்சலோடு போகும் பெண்ணிடம் 0.5 என்ற பழைய எண் கையில் இருக்கும். 0.75-ஐப் பார்க்கும் மருத்துவர் அன்று அவரை வீட்டுக்கு அனுப்ப மாட்டார். மழைக்கு முன் மருந்துக் கடைகளுக்குத் தரும் டெங்கு அறிவுரையில், காய்ச்சல் என்று வருபவருக்கு டைக்ளோபினாக் தர வேண்டாம் என்ற வரி தட்டணுவோடு சிறுநீரகத்தையும் சொல்லட்டும். அந்த அறிவிப்பு கன்டெய்னர் யார்டுகளின் வாசலிலும், டிரெய்லர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் எண்ணூர்ச் சாலையிலும் ஒட்டப்படட்டும்.

காய்ச்சல் விட்ட பிறகான கட்டத்தை நாம் அறவே மறந்துவிடுகிறோம். திடீர்ப் பாதிப்பிலிருந்து மீண்டவர்களை மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டி நெறி. மீண்டுவிட்டது போலத் தோன்றும் சிறுநீரகம் சிலரிடம் உள்ளுக்குள் தழும்பேறி, சில வருடங்களில் நாள்பட்ட நோயாகிறது. ஆணுக்கு மூன்றாம் மாதம் திரும்பி வர ஒரு நாள் கூலி தடை. பெண்ணுக்கு, காய்ச்சல்தான் சரியாகிவிட்டதே என்ற வீட்டாரின் பேச்சு தடை. ஸ்டான்லிவரை வரச் சொல்லாமல் மாத்தூர், மணலி, கத்திவாக்கம் பகுதிகளின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே அந்தச் சோதனையை மாலை நேரத்தில் வைக்கலாம். கொஞ்சம் ரத்தமும் ஒரு சிறுநீர்ப் பட்டையும்தான் அதற்கு வேண்டும். கூப்பிட்டவர்களில் எத்தனை ஆண்கள் வந்தார்கள், எத்தனை பெண்கள் வந்தார்கள் என்பதையும் அங்கேயே குறித்து வைக்கலாம். வராதவர்களின் வீட்டுக்கு மாத்திரையோடு போகும் பணியாளரே அந்தப் பட்டையையும் எடுத்துப்போகலாம்.